அப்பாவுக்கு ஐ7 எதற்கு?

கணினி கேள்வி பதில்
(பதில் எழுதுபவர் மதுரை சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்)

கேள்வி: அண்ணே, வணக்கம். என் அப்பாவுக்கு வயது 72. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்திலேயே தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இப்போது எங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகளின் வம்சாவளியை எழுதிவைக்க வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும், பேரனை வீடியோவில் பார்க்க வேண்டும் என்கிறார். மதுரையில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம் போட்ட லேப்டாப்பைக் காட்டி, "இதுதான் சார் பத்து வருஷம் நிற்கும்" என்று எழுபதாயிரத்துக்கு மேல் கணக்குப் போட்டுத் தந்தார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறைதான் ஊருக்கு வருவேன். வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. கடைக்காரர் காதில் விழாமல் போன ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. லோயர், ஹையர் பாஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் அப்பாவின் விரல்கள் ஏற்கெனவே வேலை தெரிந்த விரல்கள். அவற்றுக்கு ஏற்ற மாதிரி வாங்கினால் போதும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். சர்வீஸ் கடை வைத்திருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது, நல்ல மாடல்தான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறார். "திருடன் வந்தா தூக்கிட்டுப் போயிருவான்ல" என்றார். உண்மையான காரணம் வேறு. அந்தத் தொடுபலகையை அவர் நகத்தால் சுரண்டினார். அம்புக்குறி ஒரு பக்கம் ஓடியது, அவர் இன்னொரு பக்கம் தேடினார். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. நான் ராம் எத்தனை ஜிபி என்று பார்த்தேனே தவிர, அவர் கையையும் கண்ணையும் பார்க்கவில்லை.

அதனால் டெஸ்க்டாப் வாங்குங்கள். பெட்டிக்குள்ளே போடுகிற பணத்தில் பாதியைப் பெட்டிக்கு வெளியே போடுங்கள்.

உள்ளே என்ன வேண்டும்? இப்போது விற்பனையில் இருக்கும் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசசர் (கணினியின் மூளை), 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்). தீர்ந்தது. எஸ்எஸ்டியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி உயிர் பெற்று வருவதற்குள் அப்பா காபி குடிக்கப் போய்விடுவார், அப்புறம் திரும்பி வர மாட்டார். ஐ7 எல்லாம் வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு. பேப்பர் படிக்க அதை வாங்குவது, மாட்டுத்தாவணியில் ஒரு கட்டுக் கீரை வாங்கிவர லாரி பிடிக்கிற கதை.

பத்து வருஷக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், 2015இல் பெருமையாக விற்ற ஐ7-6700ஐ, அதற்கு ஏற்ற பிராசசர்கள் என்று அந்த நிறுவனம் தரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் பின்னால் வந்த ஐ3-8100 பட்டியலில் இருக்கிறது. ஏழு பெரிதா, மூன்று பெரிதா என்பதில் இல்லை விஷயம். எந்தத் தலைமுறை என்பதில்தான் இருக்கிறது. இன்டெல்லில் அந்த நடுக்கோட்டுக்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள்: 6700 என்றால் ஆறாம் தலைமுறை, 8100 என்றால் எட்டு, 10400 என்றால் பத்து. யாராவது 'ஆபீஸில் ஓடின பெட்டி, ஐ5, சல்லிசா தர்றேன்' என்றால் இந்த எண்ணை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டுக்குக் கீழே இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். புதுப்பெட்டி என்றாலும் ஒரிஜினல் விண்டோஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி வெளியே. திரை 24 அங்குலம். அப்பா பைஃபோகல் கண்ணாடி போடுகிறவராக இருந்தால், திரையை உயரத்தில் வைக்காதீர்கள். எழுத்தைப் படிக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதியால்தான் பார்ப்பார். திரை உயரமாக இருந்தால் மோவாயைத் தூக்கிக்கொண்டே உட்காருவார், சாயங்காலம் கழுத்து வலிக்கும், பழி கம்ப்யூட்டர் மேல் விழும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். எழுத்து பெரிதாகத் தெரிய, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே ஸ்கேலை 150 சதவீதம் வையுங்கள்.

கீபோர்டு, அழுத்தினால் உள்ளே இறங்கி மேலே வருகிற ரகமாக வேண்டும். தட்டையாக ஒட்டிக்கிடப்பது டைப்ரைட்டர் அடித்த விரலுக்கு ஒத்துவராது. அடித்ததா இல்லையா என்றே தெரியாது. கடையில் நாலைந்தைத் தட்டிப் பார்க்க அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள். தமிழுக்கு இ-கலப்பை என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் பழைய டைப்ரைட்டர் விசைமுறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். தமிழ்99 என்ற இன்னொரு விசைமுறையும் அருமையான முறைதான், அரசு ஏற்றுக்கொண்டதுதான். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் அது புதிதாகப் படிக்கிறவர்களுக்கு. 'ய ள ன க' என்று டைப்ரைட்டரின் நடு வரிசையை இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதம் தட்டிய கையை இந்த வயதில் வேறு வழிக்கு இழுக்க வேண்டாம்.

போன வருஷம் மேலூரிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மாவை அவர் மருமகன் கடைக்குக் கூட்டிவந்தார். "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இந்த விசைமுறையைப் போட்டுக் கொடுத்தேன். விரலை வைத்தார், ஒரு விண்ணப்பக் கடிதத்தை 'பெறுநர்' முதல் அடித்துக்கொண்டே போனார், கீபோர்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து இல்லாத நெம்புகோலைத் தள்ளப் போனது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

மவுஸ் வயர் உள்ளதாக இருக்கட்டும். வயர் இல்லாததில் பேட்டரி தீரும், பெட்டியில் செருகுகிற அதன் குட்டிச் செருகி பெருக்கும்போது குப்பையோடு போகும். டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வையுங்கள். பெரியவர்கள் இரண்டு தட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், கம்ப்யூட்டர் அதை இரண்டு தனித்தனித் தட்டாக எடுத்துக்கொள்ளும். கேமரா டெஸ்க்டாப்போடு வராது, தனியாக வாங்க வேண்டும். பேரனைப் பார்க்கத்தானே இத்தனையும், அதை மறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரும் அப்படியே.

மின்சாரம் போகிற ஊரில் 600 விஏ யுபிஎஸ் அவசியம். பத்து நிமிஷம் தாங்கினால் போதும், வம்சாவளியை சேவ் செய்து அணைத்துவிடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைத்தால், அதன் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கிறதா பாருங்கள். அதில் வைக்காவிட்டால் கரண்ட் மாறும் அந்த ஒரு நொடியில் பெட்டி அணைந்து எழும்பும். அப்புறம், பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வீடு துடைக்கிற தண்ணீர் பட்டு என் கடைக்கு வந்த பெட்டிகள் ஏராளம். ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

நீங்கள் ஓசூரில் இருப்பதால் இன்னும் ஒன்று. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு உங்கள் பெயரில், அப்பாவுக்கு சாதாரணக் கணக்கு. எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும், அவர் உங்களுக்கு போன் போடுவார். விண்டோஸிலேயே குவிக் அசிஸ்ட் என்று இருக்கிறது, அதில் அங்கிருந்தே அவர் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: மகனைத் தவிர யார் கேட்டாலும் திரையைக் காட்டக் கூடாது. திடீரென்று திரை சிவப்பாகி, பீப் பீப் என்று கத்தி, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று வரும். கூப்பிடவே கூடாது, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட வேண்டும். போலீஸ் என்று வீடியோவில் மிரட்டினாலும் அதே வைத்தியம்தான். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். அந்த எண்ணைத் திரைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் நாள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். திறப்பது, அடிப்பது, சேவ் செய்வது, அணைப்பது. அதையும் நீங்கள் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டாம். அவரே ஒரு நோட்டில் அவர் பாஷையில் எழுதிக்கொள்ளட்டும். சங்கத்தில் பேரேடு எழுதியவர், உங்களைவிட ஒழுங்காக எழுதுவார்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. எழுதுகிற வேலை எதுவும் இல்லை, சிங்கப்பூரில் இருக்கும் தங்கையிடம் பேசவும் கோயில் விசேஷங்களைப் பார்க்கவும்தான். டேப்லெட் போதுமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: போதும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை ஒரே தடவையில் விழுகிறதா? நாலைந்து தடவை துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது என்றால், விரல் நுனி தேய்ந்து காய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட விரலுக்குத் தொடுதிரையும் சில நேரம் மசியாது. கடையில் அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தகராறு செய்தால், நுனி ரப்பரில் இருக்கும் ஒரு தொடுபேனா வாங்கி, டேப்லெட் உறையோடு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பத்து அங்குலத்துக்குக் குறைந்தது வேண்டாம். நிற்கவைக்கிற உறை கட்டாயம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நேரலையை விடியவிடியக் கையில் தூக்கிக்கொண்டு பார்க்க முடியாது.