சேமிப்பையும் அதே பனியில் போடலாமா?

கேள்வி: வயது 31. பத்து வருடம் ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயங்களில் இருந்தேன், நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து வேகமாக இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலோம்தான் என் பிரிவு. வலது முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் இரண்டு முறை கிழிந்து அறுவை சிகிச்சை ஆனதும் விட்டுவிட்டேன். போன குளிர்காலம் முதல் பனிச்சறுக்குப் பயிற்றுநர் வேலை, வருடத்தில் ஐந்து மாதம்தான் சம்பளம். கையில் 18 மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பர் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாடகைக் கடையில் பங்கு சேரக் கூப்பிடுகிறார். சேரலாமா, இல்லை மேல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழுக்குச் செலவழிக்கலாமா?

பதில்: கடையில் சேராதீர்கள். நண்பர் நாணயமானவர், கணக்கு வழக்கு சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் என் பதில் இதுதான். ஒரு வருடம் பனி சரியாக விழவில்லை என்றால் பாடம் கேட்டு ஆள் வரமாட்டார்கள், சம்பளம் குறையும்; அதே வாரத்தில் வாடகைக்கு ஸ்கீ எடுக்கவும் ஆள் இருக்காது. சம்பளமும் சேமிப்பும் சேர்ந்து படுத்துக்கொள்கிற இடத்தில் பணத்தைப் போடக் கூடாது.

முதலில் அந்த 18 மாதத்தில் 12 மாதப் பணத்தைத் தனியாக, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆறு மாதம் போதாதா என்பீர்கள், சம்பளக்காரர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சீசன் தொடங்கிய டிசம்பரிலேயே முழங்கால் மறுபடி போனால் உங்களுக்கு அடுத்த சம்பளம் அடுத்த டிசம்பரில்தான். அப்புறம், வருகிற சீசனில் வரும் மொத்த வருமானத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். அந்தப் பங்கு மாதச் செலவுக்குப் போதவில்லை என்றால் கோடையில் ஒரு வேலை கட்டாயம் வேண்டும், அதுவும் பனியோடு சம்பந்தமில்லாததாக. ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மையர் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அதற்குச் சில வருடம் முன்பு அவர் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு கோடையில் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நியூசிலாந்து, சிலி பக்கம் போய் ஜூனிலிருந்து இன்னொரு குளிர்காலம் வேலை செய்யலாமே என்று பலர் சொல்வார்கள், ஆனால் விமானக் கட்டணம், விசா, இரண்டு நாட்டு வரி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதைவிட, உங்கள் முழங்காலுக்கு ஓய்வே கிடைக்காது.

முழங்காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் உண்மையான சொத்து அதுதான். பந்தயத்தை விட்டதால் காலுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, முழங்கால்களை உள்பக்கமாக அழுத்தி, ஒரு குழந்தைக்கு முன்னால் நாள் முழுக்க ஆமை வேகத்தில் இறங்கிக் காட்டுகிறீர்கள். குழந்தை விழும்போதெல்லாம் குனிந்து, பூட்ஸும் ஸ்கீயும் சேர்த்துத் தூக்கி நிறுத்துகிறீர்கள். ஆகவே, வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் காப்பீடு எடுங்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை இரண்டு: வலது முழங்காலை 'ஏற்கெனவே உள்ள பாதிப்பு' என்று ஒதுக்குகிறார்களா? விடுமுறை நாளில் நீங்களாகச் சறுக்கும்போது விழுந்தாலும் பணம் வருமா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று வந்தால் அந்தக் காப்பீடு உங்களுக்கு அரைக் காப்பீடுதான், பிரீமியத்தை அதற்கேற்ப பேரம் பேசுங்கள், இல்லையென்றால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

சான்றிதழ், சரி, அதற்குச் செலவழிக்கலாம். மேல்நிலைச் சான்றிதழ் இருந்தால் தனிப் பாடங்களும் பெரியவர்கள் வகுப்பும் கிடைக்க வாய்ப்பு அதிகம், வேறு நாட்டிலும் வேலை தேடலாம். ஐரோப்பாவில் மற்ற பயிற்றுநர்கள் பயப்படுகிற 'யூரோடெஸ்ட்' என்ற தேர்வு கடிகாரம் வைத்து நடத்தும் ஜெயன்ட் ஸ்லாலோம்தான், உங்களுக்குப் பழகிய களம். உங்கள் பழைய எஃப்ஐஎஸ் (சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு) பந்தயப் புள்ளிகளைக் காட்டி விலக்கு வாங்க முடியுமா என்று சான்றிதழ் தரும் சங்கத்திடம் முதலிலேயே கேளுங்கள், ஒரு தேர்வுக் கட்டணம் மிச்சமாகலாம். மீதமிருக்கும் ஆறு மாதப் பணத்தில் பாதிக்கு மேல் இதற்குப் போகக் கூடாது. மறு பாதியை உலகப் பங்குச் சந்தை முழுவதையும் பின்தொடரும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுப் பத்து வருடம் தொடாதீர்கள்.

நண்பரிடம் பணம் தர முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கடைக்கு ஸ்கீ விளிம்பு தீட்டவும் மெழுகு பூசவும் ஆள் வேண்டுமென்றால், பத்து வருடப் பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது, மணிக்கூலிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.