வீசிங் அடிக்கடி வரும் பிள்ளைக்கு ஆஸ்துமாவின் தீவிரத்தை எப்படி அறிவது?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. சளி பிடித்தாலே வீசிங் வந்துவிடுகிறது. இந்த ஆண்டு மூன்று முறை நெபுலைசர் வைத்தோம். ஒரு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மற்ற நாட்களில் நன்றாக ஓடியாடுகிறான், ஆனால் விடியற்காலையில் இருமுகிறான். எனக்கும் சிறுவயதில் இளைப்பு இருந்தது. மருத்துவர் தினமும் போடும்படி இன்ஹேலர் எழுதியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். இது ஆஸ்துமாதானா, எவ்வளவு தீவிரம், வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆஸ்துமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 6 வயதுப் பிள்ளையால் பெரும்பாலும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும்) பரிசோதனைக்கு ஊத முடியும் என்பதால், அதைச் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் முடிவு சீராக வந்துவிட்டது என்பதற்காக நோயே இல்லை என்று கொள்ளக் கூடாது. இழுப்பு (வீசிங்) இல்லாத நாளில் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் அது சீராகவே வரலாம்.

வளர்ந்தால் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் 3 வயதுக்குள் மூச்சிரைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு 6 வயதில் அது நின்றுபோயிருந்தது. உங்கள் மகனோ அந்த வயதை எட்டிய பிறகும் இழுப்போடு இருக்கிறான். பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா, பிள்ளைக்குத் தோலில் கரப்பான், அடுக்குத் தும்மல், சளி இல்லாத நாளிலும் வீசிங் ஆகியவை இருந்தால் நோய் தொடரும் வாய்ப்பு கூடுகிறது. இவற்றில் முதலாவது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குறைமாதப் பிறப்பும் உடற்பருமனும்கூட இந்தக் கணக்கில் சேர்பவை.

மாற்ற முடியாத காரணிகளைவிட, உங்கள் கையில் இருப்பவற்றின்மேல் கவனம் வையுங்கள். அவற்றுள் புகையே முதன்மையானது. வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பவராக இருந்தால், வாசலில் நின்று பிடிப்பது தீர்வாகாது, விட்டுவிடுவதுதான் தீர்வு. சன்னல்களை மூடிய அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் விறகடுப்பும் பிள்ளை இருக்கும் இடத்தில் வேண்டாம். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசு உண்ணிகள், கரப்பான் பூச்சி, ஈரச் சுவரில் படரும் பூஞ்சை ஆகியவையும் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. படுக்கை விரிப்புகளை வாரம் ஒரு முறை நல்ல சூடான நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். வாழைப்பழத்தையும் தயிரையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை நிரூபிக்கப்படாதவரை அதற்குத் தேவையில்லை.

தீவிரத்தைப் பொறுத்தவரை, இழுப்பு வரும் நாளைவிட இழுப்பு இல்லாத நாட்களே அதிகம் சொல்லும். கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் இருமலோ இரைப்போ இருந்ததா, அதே அளவுக்கு நிவாரண இன்ஹேலர் (இழுப்பு வரும்போது உடனடி நிவாரணத்துக்குப் போடுவது) தேவைப்பட்டதா, ஆஸ்துமாவால் இரவில் விழித்தானா அல்லது இருமினானா, விளையாட்டில் பின்தங்கினானா என்ற நான்கையும் பாருங்கள். ஒன்றுக்கும் ஆம் இல்லை என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்றோ நான்கோ என்றால் கட்டுக்குள் இல்லை. நீங்கள் பெரிதாக எண்ணாத அந்த விடியற்கால இருமல் இதில் ஒரு முக்கியக் குறி. லேசானதா கடுமையானதா என்பதையோ, சில மாதங்கள் மருந்து கொடுத்துப் பார்த்து, எவ்வளவு மருந்தில் நோய் அடங்குகிறது என்பதை வைத்தே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

லேசானது என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கும் உயிருக்கு ஆபத்தான இழுப்பு வரலாம். கடந்த ஓராண்டுக்குள் ஒரு கடும் இழுப்பு வந்திருப்பதே அடுத்தது வரக்கூடும் என்பதற்கான வலுவான அறிகுறி. எப்போதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தாலோ, 200 பஃப் கொண்ட நிவாரண இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தாலோ ஆபத்து இன்னும் கூடுகிறது.

ஆகவே மருத்துவர் எழுதிய தினசரி இன்ஹேலரைத் தொடங்குங்கள். அதில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குள் சென்று அங்குள்ள அழற்சியைத் தணிக்கிறது. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நீண்டநாள் பயன்படுத்தினால் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்பது உண்மை. அடிக்கடி வரும் இழுப்பையும் அதற்காக விழுங்கும் ஸ்டீராய்டு மருந்துகளையும் நினைத்தால், அந்த ஒரு சென்டிமீட்டரை நான் பெரிதாக எண்ண மாட்டேன். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும் அழுத்தி, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு இழுக்கச் செய்து, முடிவில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மருந்து பலிக்கவில்லை என்று வரும் பல பிள்ளைகளிடம் நாங்கள் காணும் குறை, போடும் முறையிலோ விட்டு விட்டுப் போடுவதிலோதான் இருக்கிறது. மூன்று மாதம் நோய் நன்றாக அடங்கியிருந்தால் அளவைக் குறைக்க மருத்துவரே முயல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள்பட்ட இருமலைப் போதிய பரிசோதனை இல்லாமலே பிரைமரி காம்ப்ளக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் தொடக்கநிலைக் காசநோய்) என்று சொல்லி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்ட ஆஸ்துமா பிள்ளைகள் உண்டு. யாராவது அப்படிச் சொன்னால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று கேளுங்கள்.

பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ காத்திருக்காதீர்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கியும் பிள்ளை திணறிக்கொண்டிருந்தால், காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக அரை நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம் பத்து வரை கொடுங்கள்.