பேட்மேன் படத்துக்கு அதிகம் அறியப்படாத ஒரு வில்லனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், யாரைச் சொல்வீர்கள்? ஏன்?

யோசிக்காமல் சொல்வேன்: ஆர்னால்ட் வெஸ்கர்.

பெயரைக் கேட்டதும் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது என்று தெரியும். காமிக்ஸில் அவரை 'வென்ட்ரிலோக்விஸ்ட்' என்பார்கள். உதட்டை அசைக்காமல், கையில் இருக்கும் பொம்மை பேசுவதுபோலக் குரல் கொடுக்கும் வித்தைக்காரர். 'அவர்கள்' படத்தில் கமல் கையில் ஒரு பொம்மை பேசுமே, அதே வித்தை. வெஸ்கரின் பொம்மைக்குப் பெயர் ஸ்கார்ஃபேஸ்.

வெஸ்கர் வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, யாராவது சற்றே அதட்டினாலும் தோளைக் குறுக்கிக்கொள்ளும் சுபாவம். பொம்மையோ பழைய காலத்து தாதா. கோடு போட்ட சூட், தொப்பி, வாயில் சுருட்டு, கன்னத்தில் தழும்பு, அளவுக்கேற்ற குட்டித் துப்பாக்கி. கும்பலுக்குத் தலைவன் அந்தப் பொம்மைதான். கொள்ளைக்குத் திட்டம் போடுவது, அடியாட்களை மிரட்டுவது எல்லாம் அதுதான். வெஸ்கர் அதைத் தூக்கிக்கொண்டு திரியும் எடுபிடி. பொம்மை அவரையே 'டம்மி' என்று திட்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்றும் பொருள், வித்தைக்காரர் கையில் இருக்கும் பொம்மை என்றும் பொருள். ஒரு பொம்மை மனிதனைப் பார்த்து 'நீதான் பொம்மை' என்கிறது. அதைக் கேட்டுத் தலைகுனியும் அந்த மனிதரின் சொந்தக் குரல்தான் அது.

இவர் முதலில் வந்தது 1988 பிப்ரவரியில், டிடெக்டிவ் காமிக்ஸ் 583-வது இதழில். ஆலன் கிராண்ட், ஜான் வாக்னர் எழுத, நார்ம் பிரேஃபோகிள் வரைந்தார். எனக்கு அறிமுகமானது பள்ளி நாட்களில், அனிமேஷன் தொடர் வழியாக. 1993-ல் வெளியான எபிசோட் அது. பொம்மையைப் பார்த்து நான் பயப்படவில்லை. பொம்மை திட்டும்போது வெஸ்கர் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்பாரே, அதைப் பார்த்துத்தான் பயந்தேன். இன்றுவரை அந்தப் பயத்தை நான் மறக்கவில்லை.

சரி, ஏன் தெரியாத முகம்? பெரிய திரையில் நடிகர்கள் நடித்த படங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 1966-லிருந்து பென்குயினாக மூன்று பேர் வந்துவிட்டார்கள், ரிட்லராக மூன்று பேர். ஜோக்கராக ஐந்து பேருக்குக் குறையாது. அடுத்து யார் ஜோக்கராக வந்தாலும் நாம் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கப்போவதில்லை. ஹீத் லெட்ஜர் அளவுக்கு இருக்கிறாரா, வாக்கீன் ஃபீனிக்ஸ் அளவுக்கு இருக்கிறாரா என்று எடைபோட்டுக்கொண்டே படம் முடிந்துவிடும். புது வில்லனுக்கு அந்தச் சுமை இல்லை. அவன் அடுத்து என்ன செய்வான் என்பதே நமக்குத் தெரியாது.

ஆனால் தெரியாத வில்லன் என்பதாலேயே நல்ல வில்லன் ஆகிவிட மாட்டான். 2013-ல் வந்த இரண்டாவது தோர் படத்தின் வில்லன் மாலெகித்தை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வால்டர் சைமன்சன் 1984-ல் காமிக்ஸில் படைத்த மாலெகித் தந்திரக்காரன். சூழ்ச்சியை ரசித்துச் செய்பவன். படத்தில் அந்தப் பெயரும் வெளுத்த முகமும்தான் மிஞ்சின. பிரபஞ்சத்தை இருட்டாக்க வேண்டும் என்கிறான், சரி. அதற்கும் தோருக்கும் என்ன தொடர்பு? தோருக்குப் பதில் வேறொரு வீரனை நிறுத்தியிருந்தாலும் அந்தச் சண்டை அப்படியேதான் நடந்திருக்கும். என் கணக்கில் அந்தப் படம் தோற்ற இடம் அதுதான்.

இதற்கு நேர் எதிர் 2017-ன் ஸ்பைடர்மேன் படத்தில் வந்த வல்ச்சர். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1963-ல் உருவாக்கிய அந்தப் பாத்திரம் காமிக்ஸில் பச்சை உடையில் இறக்கை கட்டிப் பறக்கும் ஒரு கிழவர். கேட்டாலே பலர் சிரிப்பார்கள். படத்தில் அவரை இடிபாடு அள்ளும் ஒப்பந்தக்காரராக மாற்றினார்கள். கையிலிருந்த வேலையை அரசாங்கம் பிடுங்கிக்கொள்கிறது, வேலையாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும், அங்கிருந்து தப்பான வழிக்குப் போகிறார். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடத்தில் ஒரு அடிகூட விழாது. பள்ளி நடனத்துக்கு அழைத்துப்போக, ஸ்பைடர்மேனான பீட்டர் தோழியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவைத் திறப்பது வல்ச்சர். அவள் அப்பா. பிறகு மூவரும் காரில் போகிறார்கள். மகள் பேசப் பேச, ஸ்டியரிங் பிடித்திருக்கும், வல்ச்சராக நடித்த மைக்கேல் கீட்டனின் கண்கள் கண்ணாடியில் மெல்ல மாறுகின்றன. சிக்னல் பச்சைக்கு மாறுகிறது, கார் நகரவில்லை. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழும் நொடி, இறக்கையோடு பறந்த எல்லாக் காட்சிகளையும்விடப் பயங்கரம். உலகத்தை அழிப்பவனால் பீட்டருக்கு இந்தச் சங்கடத்தைத் தர முடியாது. தோழியின் அப்பாவால்தான் முடியும்.

அதனால் ஒரு வில்லனுக்கு எவ்வளவு பலம் என்பதை நான் பார்ப்பதே இல்லை. இந்த நாயகனை இவன் ஒருவன் மட்டும் மாட்டிவிடக்கூடிய சிக்கல் எது? அது இருந்தால் போதும், பாத்திரம் எவ்வளவு சில்லறையானதாக இருந்தாலும் பரவாயில்லை. பேட்மேனின் இன்னொரு வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் 'மிஸ்டர் ஜீரோ' என்ற பெயரில் வந்தபோது, பனித்துப்பாக்கி வைத்திருந்த சாதாரணத் திருடன் அவன். 1992-ல் அனிமேஷன் தொடரில் பால் டினி எழுதிய ஒரே எபிசோட், அவனுக்கு நோராவைக் கொடுத்தது: நோயுற்று, உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும் மனைவி. அதற்குப் பிறகு காமிக்ஸே அந்தக் கதையை எடுத்துக்கொண்டது.

வெஸ்கர் பேட்மேனை மாட்டிவிடும் சிக்கலுக்கு வருகிறேன்.

பேட்மேனுக்கு ஒரு விரதம் உண்டு: கொல்வதில்லை. ஜோக்கர் அதை மீற வைக்கப் பார்ப்பான், அந்த ஆட்டத்தை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். ஸ்கார்ஃபேஸை என்ன செய்வார்? அது மரக்கட்டை. உடைத்துவிடலாம், எந்த விரதமும் மீறப்படாது, சட்டமும் கேட்காது. ஆனால் வெஸ்கருக்கு அது உயிர். நான் சொன்ன எபிசோடில் துப்பாக்கிக் குண்டுகள் அந்தப் பொம்மையைச் சல்லடையாக்கும்போது, பிணத்தின் மேல் விழுந்து அழுவதுபோல அவர் அழுவார். அந்த அழுகையின் முன்னால் பேட்மேன் நிற்க வேண்டும். மற்றவர் கண்ணுக்கு மரம், ஒரே ஒருவருக்கு மட்டும் உயிர் என்றால், அதை உடைப்பது கொலையா இல்லையா? ஜோக்கர் எவ்வளவு வெடிகுண்டு வைத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வெஸ்கர் தன் கோபத்தையெல்லாம் ஒரு பொம்மையிடம் ஒப்படைத்துவிட்டு, தான் சாதுவாக இருந்துகொள்கிறார். அதற்கென்று தனிக்குரல் வைத்திருக்கிறார். பேட்மேனாக வேடமிடும் புரூஸ் வெய்ன் என்ன செய்கிறார்? தன் கோபத்தை ஒரு முகமூடியிடம் ஒப்படைத்திருக்கிறார். அதற்கென்று ஒரு கரகரத்த குரல் வைத்திருக்கிறார். ஒருவர் ஆர்க்கம் மனநல விடுதியில் அடைபடுகிறார், இன்னொருவருக்கு வானத்தில் விளக்கடித்து அழைப்பு விடுகிறார்கள்.

குரலைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்லியே ஆக வேண்டும். இந்த வித்தைக்காரர்களுக்குப் பெரிய எதிரி உதடு ஒட்டும் எழுத்துகள். கண்ணாடி முன் நின்று உதட்டைப் பிரித்தே வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். அக்கா, தங்கை, தாத்தா எல்லாம் வந்துவிடும். அம்மா, அப்பா, மாமா வராது. 'யாதனின் யாதனின்' என்று தொடங்கும் குறளைச் சொன்னால் உதடு ஒட்டவே ஒட்டாது என்று தமிழாசிரியர்கள் செய்துகாட்டுவார்களே, அந்தக் கணக்குதான். ஸ்கார்ஃபேஸ் அந்தக் குறளைப் பிசிறில்லாமல் சொல்லிவிடும். ஆனால் தன் பரம எதிரியின் பெயர் அதன் வாயில் வராது. காமிக்ஸில் அது 'பேட்மேன்' என்று சொல்லாது, 'கேட்மேன்' என்றுதான் சொல்லும். படிக்கும்போது முதலில் சிரிப்பு வரும். பிறகு ஒன்று உறைக்கும்: அந்தப் பிழை பொம்மையுடையது அல்ல, வெஸ்கரின் உதடுகளுடையது. ஆத்திரத்தின் உச்சியில் ஸ்கார்ஃபேஸ் கத்தும் ஒவ்வொரு முறையும், அந்தப் பயந்த மனிதர் உதட்டை அசைக்காமல் இருக்கப் படும் பாடு அந்த ஒரு எழுத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஒரு நல்ல நடிகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படத்தின் திருப்புமுனையே இதில் இருக்கிறது. ஒரே ஒரு காட்சியில் பொம்மை 'பேட்மேன்' என்று திருத்தமாகச் சொல்லட்டும். வெஸ்கரின் உதடு ஒட்டவில்லை என்பதை நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். பின்னணி இசை வேண்டாம், யாரும் அதைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம். கவனித்தவர்கள் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். காமிக்ஸில் ஒரு கதைப்படி அந்தப் பொம்மையைச் செதுக்கியது சிறையின் பழைய தூக்குமர மரத்திலிருந்து. அதில் ஏதாவது ஏறியிருக்கிறதா, எல்லாம் வெஸ்கரின் மனம்தானா? படம் கடைசிவரை பதில் சொல்லக் கூடாது.

பொம்மை நிஜ மரத்தில், கையால் இயக்குவதாக இருக்க வேண்டும். கணினியில் வரைந்தால் எல்லாம் போச்சு. புருவம் அழகாக நெளியும், கண்ணில் ஈரம் மின்னும், அப்புறம் அது கார்ட்டூன். மர முகம் அசையாமல் இருக்க, அதன்மேல் கோபத்தை நாமே ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு வழி அடியாட்களின் கண்கள். பேச்சு வரும்போது அவர்களில் ஒருவர்கூட வெஸ்கரைப் பார்க்கக் கூடாது, எல்லோரும் பொம்மையையே பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் வெஸ்கரைப் பார்த்துப் பதில் சொல்கிறான். அறையே உறைகிறது. பொம்மையின் தலை மெதுவாக அவன் பக்கம் திரும்புகிறது. இப்படி ஒரு காட்சி போதும், ஸ்கார்ஃபேஸ் யார் என்று விளக்க வேறு வசனம் தேவையில்லை.

ஒரு கவலையும் உண்டு. மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்று காட்டிக் காட்டி சினிமா நிறையத் தீங்கு செய்திருக்கிறது. வெஸ்கரை அப்படி எடுத்தால் நானே அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன். அந்தப் பொம்மையால் அதிகம் அடி வாங்குபவர் அவர்தான். அவரை மீட்க வேண்டிய மனிதராகப் பார்க்கும் இயக்குநர் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். இதுவரை எந்தப் படத்திலும் அவர் முதன்மை வில்லனாக வந்ததில்லை. 'கோதம்' டிவி தொடரின் கடைசி சீசனில் ஸ்கார்ஃபேஸ் வந்தது, ஆனால் வேறொரு பாத்திரத்தின் கையில். ஆகவே களம் காலியாகத்தான் இருக்கிறது.

'பொம்மையை வைத்து இரண்டரை மணிநேரமா, தியேட்டரில் சிரிப்பார்களே' என்று கேட்பவர்களுக்கு 2023-ல் வந்த அனிமேஷன் ஸ்பைடர்மேன் படத்தின் ஸ்பாட்டைக் காட்டுவேன். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, 1980-களில் வந்த சில்லறை வில்லன். படத்தில் முதலில் ஒரு கடையின் ஏடிஎம்மைக்கூடத் திருடத் தெரியாமல் தடுமாறுகிறான், நாமும் சிரிக்கிறோம். படத்தின் ஸ்பைடர்மேனான மைல்ஸும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் அவனைக் கொதிக்க வைக்கிறது. படம் முடிவதற்குள் அவனைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. வெஸ்கர் படத்திலும் முதல் அரைமணி நேரம் சிரிக்கட்டும், நல்லதுதான்.

முடிவுக் காட்சியைக்கூட மனதுக்குள் எடுத்து வைத்திருக்கிறேன். பொம்மையைப் பேட்மேன் உடைத்துவிடுகிறார், வேறு வழியில்லை, ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வெஸ்கரின் அழுகை காதில் ஒலிக்க குகைக்குத் திரும்புகிறார். முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா என்று வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கேட்கிறார். வேண்டாம் என்கிறார் புரூஸ், அந்தக் கரகரத்த குரலிலேயே. ஆல்ஃபிரட் தட்டோடு அப்படியே நிற்கிறார். அவர் கண்கள் புரூஸின் முகத்துக்குப் போகவில்லை. மேசைமேல் இருக்கும் முகமூடியைப் பார்க்கின்றன.