ஒரே அடையாளத்தை வைத்துப் பல தளங்களில் நுழைய வழி செய்த ஓப்பன்ஐடி என்ன ஆனது? இப்போதுள்ள ‘கூகுள் மூலம் நுழைக’ பொத்தானும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. இரண்டிலும் புதுத் தளத்துக்குப் புதுக் கடவுச்சொல் தேவையில்லை, அதனால் ஒன்றுபோலத் தெரிகிறது. ஆனால் ‘நான் இன்னார்’ என்பதை எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில் இரண்டும் வேறு.

லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005இல் ஓப்பன்ஐடியைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் எழுதுகிறவர் புதுக் கணக்கு தொடங்காமலே லைவ்ஜர்னலில் கருத்து எழுத வேண்டும், எழுதியது அவர்தான் என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஃபிட்ஸ்பாட்ரிக் எடுத்துக்கொண்டது இணைய முகவரியை. உங்கள் வலைப்பதிவின் முகவரியே உங்கள் அடையாளம்.

நான் 2009இல் ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்கி, பெயரும் படமும் மட்டும் உள்ள ஒற்றைப் பக்கம் போட்டிருந்தேன். அதன் நிரலில், கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், இரண்டு வரி: எனக்குச் சாட்சி சொல்லும் நிறுவனம் இன்னது என்று. அப்போது நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஓப்பன்ஐடி இல்லாமல் கணக்கே தொடங்க முடியாது. அங்கே என் முகவரியைத் தட்டினால், தளம் என் பக்கத்தைப் போய்ப் படிக்கும். அந்த வரிகளைப் பார்த்து என்னைச் சாட்சியிடம் அனுப்பும். கடவுச்சொல்லை நான் அங்கே மட்டும் கொடுப்பேன். சாட்சி கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். சான்றிதழ் நகலில் கெஸட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்க அலைந்தோமே, அதே கதைதான். எந்த ஆபீசரிடம் போவது என்பது நம் இஷ்டம்.

ஒருமுறை சாட்சி நிறுவனம் பிடிக்காமல் போய், அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றினேன். எந்தத் தளத்துக்கும் சொல்லவில்லை. எல்லாக் கணக்கும் அப்படியே திறந்தன. அந்தச் சந்தோஷத்தை அதற்கப்புறம் எந்த லாகினும் எனக்குக் கொடுத்ததில்லை.

சரி, ஏன் நிலைக்கவில்லை? என் அண்ணியிடம் “உங்க முகவரியைப் போடுங்க” என்றேன். மின்னஞ்சல் முகவரியைப் போட்டார். பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது. யாகூ, கூகுள் எல்லாம் 2008இல் சாட்சி சொல்ல முன்வந்தன. அடுத்தவர் சாட்சியை ஏற்கத்தான் பெரிய தளங்கள் பலவற்றுக்கு மனம் வரவில்லை. திருட்டுத் தளம் ஒன்று போலிச் சாட்சிப் பக்கத்துக்கு அனுப்பிக் கடவுச்சொல்லைப் பிடுங்கவும் வழி இருந்தது. பலரும் நம்பியிருந்த சாட்சித் தளமான மைஓப்பன்ஐடி 2014இல் மூடப்பட்டது. கூகுள் 2015இல் பழைய முறையைக் கைவிட்டது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018இல்.

2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட்தான் இன்றைய கூகுள் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது. பெயர் ஒன்று, முறை வேறு. இதில் உங்கள் அடையாளம் கூகுள் உங்களுக்குக் கொடுத்த ஓர் எண். எந்தெந்த ஆபீசரின் கையெழுத்து செல்லும் என்பதைத் தளமே முடிவு செய்து, அவர்களுக்கு மட்டும் பொத்தான் வைக்கிறது. கூகுள் கணக்கு முடங்கினால், அதை வைத்து நுழைந்த இடமெல்லாம் முடங்கும்.

பழையது தங்கம் என்று சொல்ல வரவில்லை. 2013இல் நான் டொமைனைப் புதுப்பிக்க மறந்தேன். நினைவூட்டல்கள் எல்லாம் நான் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. யாரோ வாங்கி விளம்பரப் பக்கம் போட்டுவிட்டார். அவர் மட்டும் விவரம் தெரிந்து அந்த இரண்டு வரியைச் சேர்த்திருந்தால், நான்தான் என்று சொல்லி என் கணக்குகளில் நுழைந்திருக்கலாம். ஒரு தளத்தின் நிர்வாகியிடம் கெஞ்சி மின்னஞ்சலை இணைத்துக்கொண்டேன். மற்றவை போனது போனதுதான்.

அதனால்தான் ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் செய்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே டொமைன் வெறும் பெயர்ப் பலகை. அடியில் டிஐடி என்ற மாறாத அடையாளம் தனியாக இருக்கிறது. டொமைன் போனால் வேறு பலகை மாட்டிக்கொள்ளலாம். அங்குள்ள பெரும்பாலான டிஐடிகளின் பதிவேட்டை உருவாக்கி நடத்திவந்தது அந்த நிறுவனமே என்பதுதான் உறுத்தல். இந்த டிஐடி முறையை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2022இல் தரமாக அறிவித்தது என்றாலும், அதை வைத்து நான் அன்றாடம் நுழையும் வங்கியோ கடையோ ஒன்றுகூட இல்லை.

இப்போது நான் பாஸ்கீ (கடவுச்சொல் இல்லாமல் கைபேசி, கணினியின் பூட்டைத் திறந்தே நுழையும் முறை) ஏற்கும் இடங்களில் பாஸ்கீ, மற்ற இடங்களில் கடவுச்சொல் மேலாளர் என்று ஓட்டுகிறேன். புது டொமைனுக்கு 10 ஆண்டுப் பணத்தை முன்பே கட்டிவிட்டேன். அதற்கு மேல் ஒரே தடவையில் கட்ட விடுவதில்லை.