அண்ணனின் ஜீன் ரிப்போர்ட்டும் கடைசி வரியில் இருந்த காய்ச்சலும்

முதல் கீமோ முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார், சாயங்காலமானால் 101 காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கிவிடுகிறது என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் போன் செய்து திட்டி, அண்ணனை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே மறுபடி எழுதுவது மற்றவர்களுக்காக. ஏஎம்எல் என்கிற, வேகமாக வளரும் ரத்தப் புற்றுக்குக் கீமோ எடுத்து, நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 500க்குக் கீழே போன நாட்களில் புண்ணில் சீழ்கூடப் பிடிக்காது, எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம், கிருமி உள்ளே வந்ததைப் பல சமயம் காய்ச்சல் மட்டும்தான் சொல்லும். அதையும் மாத்திரை போட்டு அமுக்கினால்? 100.4 தொட்டால் ராத்திரி 2 மணியானாலும் கிளம்புங்கள், "கீமோ எடுத்தவர், காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அண்ணனுக்குக் கொடுக்கிற பப்பாளி இலைச் சாற்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, நீங்கள் மூன்று பக்கம் எழுதிய விஷயம். 17 ஜீன் ஸ்கோர் 'உயர்வு' என்று வந்ததும் இணையத்தில் தேடி, அண்ணன் பிழைக்கமாட்டார் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். டொரோன்டோ ஆராய்ச்சியாளர்கள் 2016ல் வெளியிட்ட கணக்கு அது. ரத்தப் புற்றின் ஸ்டெம் செல்களோடு (நோயை மறுபடி மறுபடி முளைக்க வைக்கும் வேர் போன்ற செல்கள்) தொடர்புள்ள 17 ஜீன்கள் நோயாளியின் செல்களில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஆர்என்ஏவை (ஜீன் வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகல்) அளந்து போடுகிற எண். எண் கூடியவர்களுக்கு வழக்கமான கீமோ மட்டும் போதாமல் போவது அதிகம், உண்மைதான். ஆனால் அது கூட்டத்தின் சராசரி, அண்ணன் எத்தனை நாள் இருப்பார் என்பது அதில் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க டாக்டருக்கு உதவும், அவ்வளவே.

அதே ரிப்போர்ட்டில் என்பிஎம்1 என்ற ஜீனில் மாற்றம் இருப்பதாகவும் போட்டிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நானாக இருந்தால் இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அந்த மாறிய ஜீனின் ஆர்என்ஏ ரத்தத்தில் மிச்சமிருக்கிறதா என்றுதான் கேட்பேன். 2016ல் வந்த பிரிட்டன் ஆய்வில், மிச்சமிருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுக்குள் நோய் திரும்பியது, இல்லாதவர்களில் 30. மருந்துக்கு நோய் எப்படிப் பணிகிறது என்பதை முதல் நாள் எடுத்த ஸ்கோர் எங்கிருந்து சொல்லும்?

உங்களுக்கும் ஜீன் டெஸ்ட் வேண்டுமா என்றால், வேண்டாம். இவை அண்ணனின் மஜ்ஜையில் பின்னாளில் நேர்ந்த மாற்றங்கள், கூடப்பிறந்ததால் உங்களுக்கு வந்துவிடாது. நீங்கள் ரத்தம் கொடுக்க வேண்டியது ஹெச்எல்ஏ பொருத்தம் பார்க்க, அதாவது மஜ்ஜை மாற்றுக்கு உங்கள் செல்கள் அண்ணனோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க. உடன்பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணன் இப்போது வார்டில்தானே இருக்கிறார், அடுத்த முறை பார்க்கப் போகும்போது கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.