கேண்டிடேட்டின் வெள்ளை

அன்புள்ள ஐயா,

தேர்தலில் நிற்பவரை ‘கேண்டிடேட்’ என்கிறோம். ஒளிவுமறைவில்லாத பேச்சுக்கு ஆங்கிலத்தில் ‘கேண்டிட்’ என்று பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மை பேசுகிறவர்தான் வேட்பாளர் என்று ரோமானியர்கள் நினைத்தார்களா? நம் தலைவர்களின் வெள்ளை வேட்டியும் அங்கிருந்து வந்ததுதானா?

ர.

அன்புள்ள ர.,

வேர் ஒன்றுதான். லத்தீனில் சாதாரண வெள்ளை ‘ஆல்புஸ்’. கண்ணைப் பறிக்கும் வெள்ளை ‘காந்திதுஸ்’. கள்ளமற்ற என்ற பொருளும் பின்னதற்கு உண்டு. ஆனால் வேட்பாளருக்குப் பெயர் வைத்தது மனதைப் பார்த்து அல்ல, துணியைப் பார்த்து. ரோமானியர்கள் உடலைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் டோகா கம்பளித் துணி. இயல்பில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். தேர்தலில் நிற்பவர் அதில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி உடுத்திக்கொண்டு வருவார். கூட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டுமே! அதனால் அவர் ‘காந்திதாதுஸ்’, வெள்ளை உடுத்தியவர்.

வெள்ளை வேட்டிக்கும் இதற்கும் உறவில்லை. அது கதர் வழி வந்தது. நாம் நம்புவது சொட்டு நீலத்தை.

இந்த வெள்ளை ரோமானியர்களுக்கே உறுத்தியிருக்கிறது. வாக்குக் கேட்பதற்காக உடைக்கு வெள்ளை ஏற்றக் கூடாது என்று கி.மு. 432இல் சட்டம் கொண்டுவந்தார்களாம். இன்று அற்பமாகத் தெரியும் இந்த விஷயத்துக்கு அன்று பெரிய சண்டையே நடந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டம் வந்து என்ன? கி.மு. 64இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தேர்தலில் தன் போட்டியாளர்களைக் கிழித்த உரையின் பெயரே ‘வெள்ளை டோகாவில்’ என்பதுதான்.

எனக்குப் பிடித்தது பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது. வேட்பாளர்கள் டோகாவுக்குள் சட்டை போடாமல் வருவார்களாம். ஏன்? போர்த் தழும்புகளைக் காட்டவா, பணிவாகத் தெரியவா, இல்லை மடியில் பணம் வைத்துக்கொண்டு வாக்காளருக்கு நீட்டிவிடாமல் இருக்கவா என்று அவரே கேள்விகளை அடுக்குகிறார். மூன்றாவதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம், எதிரே வருகிறவரின் பெயரை வேட்பாளரின் காதில் ஓதுவதற்கென்றே ஓர் அடிமை கூடவே வருவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் மனம் குளிராது? இதையும் ஒரு சட்டம் தடுத்தது. அதற்குக் கட்டுப்பட்டவர் ரோமானிய அரசியல்வாதி இளைய கேட்டோ ஒருவர்தான்; யார் உதவியும் இல்லாமல் எல்லாரையும் பெயர் சொல்லி வணங்கினாராம். அவரை மெச்சியவர்களுக்கே அது எரிச்சலாக இருந்தது என்கிறார் புளூட்டார்க். அவர் செய்வது சரி என்று தெரிகிறது, தங்களால்தான் செய்ய முடியவில்லை!