டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். நீண்ட விடுமுறையில் கல்லூரித் தோழிகளோடு கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சமூகச் சேவைக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். சுவரில் ஓவியம் வரைந்தோம், விளையாட்டு நடத்தினோம். இப்போது சிந்தனை மீட்சி, அதாவது அங்கே கண்டதையும் கற்றதையும் பற்றிய அறிக்கை, எழுதித் தர வேண்டும். கூட வந்தவர்கள் ‘என் வாழ்க்கையே மாறிவிட்டது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் மாறவில்லை. நான் என்ன எழுதுவது?
- மாணவி, பாயான் பாரு, பினாங்கு

பதில்: மாறவில்லை என்றால் மாறவில்லை என்றே எழுதம்மா. ஒரே வாரத்தில் வாழ்க்கை மாறுகிறவர்களுக்கு அடுத்த வாரமும் மாறும்.

ஓய்வு பெறும்வரை நான் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான் இருந்தேன். 150 மாணவர்களுக்குக் குறைந்தால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. அங்கே தலைமையாசிரியரும் வகுப்பெடுப்பார். பிள்ளைகள் மிகவும் குறைந்துபோனால் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் கூட்டு வகுப்பாக உட்காருவார்கள். இதற்கு நடுவில்தான் நீங்கள் ஒரே நிறச் சட்டையும் பதாகையுமாக வந்து இறங்குகிறீர்கள். உங்களுக்குப் படுக்க இடம் பார்த்தது யார்? பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மா யாராவது வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சமைத்திருப்பார். அதை எழுது.

சுவரோவியம் பற்றி எனக்கு ரொம்ப நாள் புகைச்சல். ஒரு குழு வரைந்ததன் மேலேயே அடுத்த குழு வெள்ளையடித்து வரையும், வண்ணத்துப்பூச்சி மேல் வண்ணத்துப்பூச்சியாக. யாராவது நூலக அலமாரியைத் திறந்து பார்த்தார்களா என்றால், இல்லை.

ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி. கோலாலம்பூரிலிருந்து வந்தவன், தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் மலாய்மொழி போதாதவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன்னால் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். கூடப் படித்தவன் மேலே போய்விட்டானே என்று வெட்கப்பட்டே படிப்பை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இவன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, “நானும் புகுமுக வகுப்புதான்டா” என்று ஆரம்பித்தான். இடைநிலைப்பள்ளியில் முதல் நாள் எப்படி இருக்கும், பெரும்பாலான பாடங்கள் மலாயில் ஓடும்போது புரியாததை எப்படிக் கேட்பது, கேன்டீனில் தனியாக உட்கார்ந்தால் என்ன செய்வது, எல்லாம் சொன்னான். அதையே நான் பல வருடம் சொல்லியிருக்கிறேன், கொட்டாவி விடுவார்கள். அண்ணன் சொன்னதும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஊருக்குப் போனபின் அவன் அறிக்கையின் நகலைப் பள்ளிக்கும் அனுப்பினான். யாருக்கு வாசிப்பில் எங்கே தட்டுகிறது, எந்தக் கணக்கில் பயம் என்று எழுதியிருந்தான். அடுத்த குழு வந்ததும் அதைத்தான் அவர்கள் கையில் கொடுத்தேன்.

உன் மனசுக்கு அரைப் பக்கம் போதும். மீதியில் பிள்ளைகள் உன்னிடம் என்ன கேட்டார்கள், நீங்கள் எந்த நேரத்தில் பள்ளிக்கு இடைஞ்சலாக இருந்தீர்கள், அடுத்து வருகிறவர்கள் எதைக் கொண்டுவர வேண்டும் என்று எழுது. விரிவுரையாளருக்கு ஒரு பிரதி, தலைமையாசிரியருக்கு ஒரு பிரதி. விரிவுரையாளருக்குப் போவதில் பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் ஒரு மங்கு கழுவாத என் மகள், விடுமுறையில் வெளியூருக்குச் சேவை செய்யப் போகிறாளாம். அனுப்பலாமா டீச்சர்?
- ஓர் அம்மா, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். தங்கும் இடம் எங்கே, கூட வரும் விரிவுரையாளர் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஊரே சாப்பிட்ட மங்கு கிடக்கும், கழுவுவாள். வீட்டுக்கு வந்தும் கழுவுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.